ஆடுவது தரையா, நானா

ஹிசாயேவைப் பயந்தாங்கொள்ளி என்று யாராவது சொன்னால் எனக்குப் பொல்லாத கோபம் வரும். முப்பத்தோரு வருஷமாக ஊர் ஆண்களின் தொண்டையில் கத்தி வைத்துச் சாப்பிட்டவள் அவள். குடித்துவிட்டு வந்து நாற்காலியில் படுத்துத் தும்முகிற மீனவனுக்கும், கூச்சத்தில் புழுவாக நெளிகிற பையனுக்கும் ஒரு கீறல் விழாமல் சவரம் செய்து அனுப்பியவள். உராஹாமா துறைமுகத்தில், ஐஸ் தொழிற்சாலைக்கு எதிரே, சிவப்பும் நீலமும் வெள்ளையுமாகச் சுழலும் கம்பத்துக்குக் கீழே இரண்டே நாற்காலி போட்ட சலூன் அவளுடையது. பெண்களுக்குச் சிகை அலங்காரம் செய்கிற கடைகள் ஊரில் மூன்று உண்டு. ஆனால் அவர்களுக்குச் சவரக் கத்தி எடுக்கச் சட்டம் இடம் தராது. முகத்தில் கத்தி பட வேண்டுமானால், மணப்பெண்ணே ஆனாலும் ஹிசாயேவிடம்தான் வந்தாக வேண்டும்.

அப்பேர்ப்பட்டவளின் கைதான் பிப்ரவரி மாதத்துக்குப் பிறகு கத்தியைத் தொட மறுத்தது.

நிலநடுக்கம் வந்த அன்று பிற்பகல் மூன்று மணி இருக்கும். நாற்காலியில் தோராகிச்சி பெரியவர் மல்லாந்து படுத்திருந்தார். எண்பத்திரண்டு வயது, கணவாய் பிடிக்கிற படகில் அறுபது வருஷம் போனவர். கன்னம் முடிந்து தாடைக்குக் கீழே கத்தி வந்த நேரத்தில் தரை எழும்பியது. ஆடியது என்று சொன்னால் போதாது, எழும்பியது. கண்ணாடி சுவரை விட்டுப் பாய்ந்து வந்து உடைந்தது. ஹிசாயே நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பார்த்தபோது பெரியவரின் கழுத்தில் இருந்த வெள்ளை நுரை சிவப்பாகிக்கொண்டிருந்தது. ஐயோ, கொன்றுவிட்டேன் என்றுதான் நினைத்தாள். 

ஐந்து தையல். அவ்வளவுதான். "கணவாய்க் கொக்கி இதைவிடப் பெருசா கிழிச்சிருக்கு, போ புள்ள" என்று பள்ளிக்கூட உடற்பயிற்சிக் கூடத்தில், அட்டைப் பெட்டி விரிப்பின்மேல் படுத்தபடி பெரியவர் சிரித்தார். ஊரே அங்கேதான் கிடந்தது. எங்கள் வீடுகளின் கதவில் அதிகாரிகள் வந்து தாள் ஒட்டிவிட்டுப் போனார்கள். சிவப்பு ஒட்டினால் உள்ளே போகக் கூடாது. பச்சை ஒட்டினால் போகலாம். ஹிசாயேவின் வீட்டுக்கும் சலூனுக்கும் பச்சை. அதிர்ஷ்டக்காரி என்று எல்லோரும் சொன்னார்கள். அவளுக்கு மட்டும் தெரியும், சிவப்புத் தாளை அவளுடைய உடம்பில் ஒட்டியிருக்க வேண்டும் என்று.

ஏனென்றால் பூமி நின்ற பிறகும் அவளுக்கு நிற்கவில்லை. சோறு வடிக்கும்போது ஆடியது. குளித்தால் ஆடியது. படுத்தால் பாய்க்குக் கீழே யாரோ மெதுவாகப் படகை உலுக்குவது போல ஆடியது. நிஜமாகவும் அவ்வப்போது ஆடிக்கொண்டுதான் இருந்தது. அதுதான் கொடுமை. எது நிஜம், எது தன் உடம்பு சொல்லும் பொய் என்று பிரிக்க முடியவில்லை. முகாமுக்கு வந்த டாக்டர் சின்னப் பெண். அவள் சொன்னாள்: "இந்த மாதிரி நிறையப் பேருக்கு வருதும்மா. காதுக்குள்ள இருக்கிற தண்ணி இன்னும் அடங்கல. ஆடுற மாதிரி தோணினா, சும்மா தொங்கிட்டிருக்கிற ஒரு பொருளைப் பாருங்க. அது ஆடலன்னா ஒண்ணும் ஆடல."

இதில் புதிதாக ஒன்றும் இல்லை. எங்கள் ஊரில் பிறந்த குழந்தைகூடத் தரை லேசாக அசைந்தால் முதலில் விளக்கின் கயிற்றைத்தான் பார்க்கும். ஆனால் ஹிசாயே பார்த்தது போல யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

சலூன் சுவரில் ஒரு தோல்வார் தொங்கியது. அந்தக் காலத்தில் கத்தியைத் தீட்டுவதற்கு வைத்திருந்தது. இப்போதெல்லாம் அலகை மாற்றிப் போட்டுக்கொள்கிற கத்திதான் என்பதால் இருபது வருஷமாக அதற்கு வேலை இல்லை. மேலே ஒரு கொக்கி, கீழே ஒரு இரும்பு வளையம், நடுவில் கறுத்துப்போன தோல். ஏப்ரலில் கடையைத் திறந்தபோது, ஆடுவது போல் தோன்றும்போதெல்லாம் அதைப் பார்த்தாள். தோல்வார் சும்மா இருந்தால், சரி, எனக்குத்தான். தோல்வார் அசைந்தால், சரி, பூமிக்குத்தான். அது ஒரு நாளும் பொய் சொல்லவில்லை.

பயத்தில் ஆரம்பித்த பார்வை மெல்ல மெல்ல வேறு என்னவோ ஆயிற்று. காலையில் ஷட்டரைத் தூக்கிவிட்டு, உள்ளே போகாமல் வாசலிலேயே கொஞ்ச நேரம் நிற்பாள். நுரை அடிக்கும் கோப்பையின் விளிம்பில், பிரஷ்ஷைத் தட்டித் தட்டி ஒரு பள்ளம் விழுந்திருந்தது. முப்பத்தோரு வருஷம் தட்டியவள் அவளேதான், ஆனால் அந்தப் பள்ளத்தை இப்போதுதான் பார்த்தாள். மடித்து அடுக்கிய துண்டுகள், வாய் மூடிய கத்தரிக்கோல், தலைமுடித் தைலப் புட்டிகள். எல்லாம் வைத்த இடத்தில் இருந்தன. யாரையும் எதையும் கேட்காமல் இருந்தன. அவற்றைப் பார்த்தபடி நின்றால் அடிவயிற்றில் கட்டியிருந்த கல் இளகுவது அவளுக்கே தெரிந்தது. நானும் இப்படி இருந்துவிட முடியும் என்று நினைப்பாள். ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம் இருக்கவும் செய்வாள். அப்புறம் மறுபடி பயம் வரும், மறுபடி தோல்வாரைப் பார்ப்பாள்.

இப்படிப் பார்த்துக்கொண்டே முடி வெட்டினாள். ஆனால் சவரம் மட்டும் மாட்டேன் என்றுவிட்டாள். மணிக்கட்டு வலி என்று ஊருக்குச் சொன்னாள்.

ஜூன் மாதத்தில் ஒரு நாள் தோராகிச்சி பெரியவர் வந்து நாற்காலியில் படுத்தார். தாடி கழுத்தை மறைத்து வளர்ந்திருந்தது.

"என்ன பெரியப்பா, முடி வெட்டணுமா?"

"முடியா? எங்க இருக்கு முடி? சவரம் பண்ணு."

"மணிக்கட்டு வலி பெரியப்பா."

"மணிக்கட்டா, மண்ணாங்கட்டியா? யாருகிட்ட கதை விடற? உனக்குப் பயம். எனக்குந்தான் பயம். இந்தக் கழுத்துல ஏற்கனவே ஆயிரம் சுருக்கம் இருக்கு, இன்னொரு கோடு விழுந்தா எவன் கண்டான்? பண்ணு புள்ள."

ஒரு சவரத்துக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. நான்கு இழுப்புக்கு ஒரு தடவை கத்தியைத் தூக்கிக்கொண்டு தோல்வாரைப் பார்த்தாள். பெரியவர் நடுவில் தூங்கிக் குறட்டை விட்டார். முடிந்ததும் முகத்தைத் தடவிப் பார்த்து, "இதுக்குள்ள படகு கொரியாவுக்கே போயிருக்கும்" என்றார். ஹிசாயே பின்கட்டுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

தோல்வார் விஷயத்தை அன்று அந்தப் பெரியவர் ஒருவரிடம்தான் சொன்னாள். புருஷனிடம்கூட அவள் சொல்லவில்லை. சவரக்காரிக்கு ஆடுகிறது என்று ஒரு வாய்க்குத் தெரிந்தால் போதும், சலூனுக்குப் பூட்டுத்தான். அதுவும் அந்தப் புருஷன் மித்சுகுவின் வாய் இருக்கிறதே, காலையில் அவன் வேலை பார்க்கும் ஐஸ் தொழிற்சாலையில் அது திறந்தால் மத்தியானத்துக்குள் துறைமுகம் முழுக்கப் பரவிவிடும். நல்ல மனுஷன்தான், சும்மா சொல்லக் கூடாது. ஆனால் ஒரு இடத்தில் உட்கார மாட்டான். நிலநடுக்கத்துக்கு அப்புறம் கேட்கவே வேண்டாம். ஏதாவது ஒன்றை முடுக்கிக்கொண்டே இருப்பான். அலமாரியைச் சுவரோடு சேர்த்துத் திருகினான். குளிர்பதனப் பெட்டிக்கு இடுப்பில் பட்டை கட்டினான். வீட்டுக்குள் நடமாடுகிற பொருள் என்று இருந்தால் அது ஹிசாயே ஒருத்திதான், அவளையும் ஒரு நாள் திருகி வைத்துவிடுவான் என்று நாங்கள் கேலி செய்வோம்.

அவன் பெண்டாட்டியைக் கவனிக்காதவனும் இல்லை. அவள் சலூனில் நின்று சுவரையும் புட்டிகளையும் வெறித்துப் பார்ப்பதைக் கதவிடுக்கு வழியாக எத்தனையோ நாள் பார்த்திருக்கிறான். பயந்த கண்ணால் பார்க்கிறாள் என்பதும் அவனுக்குப் புரிந்தது. அதற்கு மேல்தான் புரியவில்லை. கேட்டிருக்கலாம். எங்கள் ஊர் ஆம்பிளைகள் கேட்க மாட்டார்கள்.

அக்டோபரில், கடை விடுமுறையான திங்கட்கிழமை, ஹிசாயே காது பரிசோதனைக்கு நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். அன்று முழுக்க மித்சுகு சலூனில் வேலை செய்தான். என்ன செய்தான் என்று அவளிடம் சொல்லவில்லை. தானாகக் கண்டுபிடித்து மகிழட்டும் என்று விட்டுவிட்டான்.

மறுநாள் காலை சிகுசா வந்தாள். அரிசி வறுவல் கடைக்காரரின் மகள். மார்ச்சில் நடக்க வேண்டிய அவள் கல்யாணம், வீட்டுக்குச் சிவப்புத் தாள் விழுந்ததில் தள்ளிப்போய், கடைசியில் வியாழக்கிழமை கோயிலில் நடக்கப் போகிறது. தற்காலிகக் குடியிருப்பின் ஒற்றை அறையிலிருந்துதான் மணப்பெண்ணாகப் புறப்படப் போகிறாள். எங்கள் மணப்பெண்களுக்கு முகத்திலும் பிடரியிலும் பூனைமயிர்கூட இருக்கக் கூடாது. இருந்தால், கல்யாணத்துக்கு முகமெல்லாம் பூசுகிற வெள்ளைப் பூச்சு திட்டுத் திட்டாக நிற்கும். ஒரு கீறல் இருந்தாலோ, வெள்ளை முகத்தில் ஊர் முழுக்க அதைத்தான் பார்க்கும்.

"அத்தை, எனக்கு ஒரே நடுக்கமா இருக்கு" என்றாள் சிகுசா, நாற்காலியில் சாய்ந்தபடி.

"கத்தி என் கையில. நீ ஏண்டி நடுங்கற?"

"கத்திக்கு இல்ல அத்தை. மாமியாருக்கு."

சிரித்துக்கொண்டே ஹிசாயே சுடு துண்டைப் போட்டாள். சிரிப்பு உதட்டில்தான். பெரியவரின் கழுத்து வேறு, இந்தக் கழுத்து வேறு. ஜூனுக்குப் பிறகு எத்தனையோ முகம் சவரம் செய்துவிட்டாள், மணப்பெண் இதுதான் முதல். இருந்த இடத்திலேயே கோப்பையில் நுரை அடித்துப் பூசினாள். தோல்வாரைப் பார்த்தாள். அசையாமல் இருந்தது. நெற்றி முடிந்தது, வலது கன்னம் முடிந்தது. சிகுசா கண்ணை மூடியிருந்தாள். இடது காதுக்குக் கீழே கத்தியைக் கொண்டு வந்தபோது ஆடியது.

பழக்கப்படி கத்தியைத் தூக்கினாள். தோல்வாரைப் பார்த்தாள். அசையவில்லை.

சரி, எனக்குத்தான். மூச்சை இழுத்து விட்டாள். ஐந்தாறு மூச்சில் எப்போதும் அடங்கிவிடும். அடங்கவில்லை. கால் முட்டிக்குள் புகுந்து இடுப்புக்கு ஏறியது. விளக்கின் கயிற்றைப் பார்த்தாள், அது நேராக நின்றது. புட்டிகளைப் பார்த்தாள், ஒரு சிணுங்கல் சத்தம் இல்லை. கோப்பை, கத்தரிக்கோல், சீப்புகள் எல்லாம் வைத்த இடத்தில் இருந்தன. இத்தனை சாட்சிகளும் ஒரே குரலில் சொல்லும்போது ஆடுவது வேறு யார்? நேற்று ஆஸ்பத்திரியில் காது சரியாகிக்கொண்டு வருகிறது என்றார்களே, அது பொய்யா? முற்றிவிட்டதா? பைத்தியம் பிடிக்கிறதா?  இன்று இதற்குப் பணிந்து கத்தியைக் கீழே வைத்தால் இனி ஜன்மத்துக்கும் எடுக்க மாட்டேன் என்று அவளுக்குத் தெரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கத்தியை அந்தப் பெண்ணின் காதுக்குக் கீழே வைத்தாள்.

சிகுசா கண்ணைத் திறந்தாள். "அத்தை, ஆடுது!"

"இல்லடி கண்ணு. ஒண்ணும் ஆடல. அசையாம இரு."

"ஆடுது அத்தை! நிஜமா ஆடுது!"

"எல்லாம் சும்மாதான் இருக்கு, பாரு. ஆடல. அசையாதே!"

கடைசி வார்த்தையைக் கத்தினாள். அந்தப் பெண் விலுக்கென்று எழுந்தாள். அதே நொடி தரை பக்கவாட்டில் ஒரு தள்ளு தள்ளியது. ஹிசாயேவின் இடது கை என்ன நினைத்ததோ, கத்திக்கும் கழுத்துக்கும் நடுவில் பாய்ந்தது. அப்புறம் அவளுக்குத் தெரிந்ததெல்லாம் வெள்ளை நுரை சிவப்பாவதுதான். கழுத்து நுரை. மணப்பெண்ணின் கழுத்து.

 கத்தியை எறிந்துவிட்டுத் துண்டை எடுத்து அந்தக் கழுத்தைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்கச் சிவந்தது. இன்னொரு துண்டு. "எங்கடி? எங்க பட்டுது?" என்று கேட்கிறாள், பல் கிட்டித்துக்கொள்கிறது. சிகுசாதான் அவள் இடது கையைப் பிடித்துத் தூக்கிக் காட்டினாள். "அத்தை, உங்க விரல். எனக்கு ஒண்ணுமில்ல. உங்க விரல்தான்."

ஆட்காட்டி விரலின் அடியில் நீளமாகக் கிழிந்திருந்தது. பெண்ணின் கழுத்து துடைத்த கிண்ணம் போலச் சுத்தமாக இருந்தது. ஹிசாயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஆட்டம் நின்றுவிட்டது.

பின்கதவு படாரென்று திறந்தது. மித்சுகு. முகமெல்லாம் பூரிப்பு.

"நடுக்கம் நாலு அளவு இருக்கும், நாலு! பாத்தியா ஹிசாயே? ஒண்ணு விழல! ஒரு புட்டி கீழ வரல!"

ஹிசாயே அவனைப் பார்த்தாள். எழுந்து சுவருக்குப் போனாள். தோல்வாரின் கீழ் வளையத்தைப் பிடித்து இழுத்தாள். அது வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தபோது, கண்ணுக்கே தெரியாத ஒரு பசைத் துண்டு சுவரை விட்டுப் பிசுக்கென்று உரிந்து வந்தது. கோப்பையைத் தூக்கினாள், அதன் அடியிலும் அதே பசை. விளக்குக் கயிற்றின் நுனியை மெல்லிய கம்பி ஒன்று அலமாரியோடு பிணைத்திருந்தது.

"நீங்களா?"

"பின்ன யாரு? நேத்து பூரா குனிஞ்சு குனிஞ்சு இடுப்பே போச்சு. நீதான் தினமும் அதையெல்லாம் பயந்து பயந்து பாத்துட்டு நின்னியே. எங்க விழுந்துடுமோன்னு..."

"விழுந்துடுமோன்னா பாத்தேன்? அதுங்க ஆடலன்னா பூமி ஆடலன்னு பாத்தேன்! எனக்குள்ள எட்டு மாசமா ஆடிட்டே இருக்கு, அது தெரியுமா உங்களுக்கு? எது நிஜம்னு எனக்குச் சொல்றதுக்கு இருந்தது அதுங்க மட்டுந்தான். அதுங்க வாயையும் கட்டிப்போட்டுட்டீங்களே! இந்தப் பொண்ணு கழுத்தை அறுத்திருப்பேன். தெரியுமா? கல்யாணப் பொண்ணு கழுத்தை அறுத்திருப்பேன்!"

மித்சுகுவின் கண் அப்போதுதான் அவள் கையில் வழிகிற ரத்தத்துக்கு வந்தது.  ஓடிப்போய் மருந்துப் பெட்டியை எடுத்து வந்து அவள் விரலைத் துடைத்தான். கட்டுத் துணியைப் பிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. துணி அவன் கையில் படபடவென்று அடித்துக்கொண்டது. ஹிசாயே சட்டென்று சுவரைத் திரும்பிப் பார்த்தாள். பசை உரிந்த தோல்வார் நேராக, அசையாமல் தொங்கியது. இந்த முறை தரையும் இல்லை, அவளும் இல்லை.

"உங்களுக்கு எப்பலேர்ந்து?" என்று கேட்டாள்.

அவன் கட்டுத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கேக்கறேன்ல. எப்பலேர்ந்து?"

"பிப்ரவரிலேர்ந்துதான்" என்றான். "தொழிற்சாலைல ஐஸ் கட்டி தூக்கும்போது ஆடும். சாப்பிடும்போது ஆடும். ஏதாவது ஒண்ணைத் திருகிட்டு இருந்தா மட்டும் நிக்கும். அதான் திருகிட்டே இருக்கேன். உன்கிட்ட சொன்னா நீ பயந்துடுவேன்னு..."

எட்டு மாதம். ஒரே பாயில் முதுகோடு முதுகு ஒட்டிப் படுத்துக்கொண்டு, ஆளுக்கொரு பக்கம் ஆடியிருக்கிறார்கள். ஹிசாயேவுக்கு அழுகை வந்தது, கோபமும் போகவில்லை. "மட சாம்பிராணி" என்றாள். அவனைச் சொன்னாளா, தன்னைச் சொன்னாளா, தெரியாது. நல்ல கையால் துணியின் ஒரு நுனியைப் பிடித்தாள், அவன் மறு நுனியைப் பிடித்தான். இருவருமாகச் சேர்ந்து எப்படியோ விரலைச் சுற்றிக் கட்டினார்கள்.

"அத்தை" என்றாள் சிகுசா நாற்காலியிலிருந்து. இடது கன்னத்தில் நுரை பாதி வழிந்திருந்தது. "பாதி மூஞ்சியோட நான் எங்க போறது?"

"வேற ஊருக்குப் போய்ப் பண்ணிக்கோடி. நான் அழைச்சிட்டுப் போக ஏற்பாடு பண்றேன். இந்தக் கைக்கு வேண்டாம்."

"அந்தக் கைதான் கத்திக்குக் குறுக்க வந்துச்சு. எனக்கு அந்தக் கை போதும். உக்காந்துட்டேன், பண்ணுங்க."

அவள் மறுபடி சாய்ந்து கழுத்தை நீட்டினாள். ஹிசாயே சுற்றிலும் பார்த்தாள். கோப்பை, புட்டி, கயிறு, சீப்பு. எதில் பசை இருக்கிறது, எதில் இல்லை என்று தெரியாது. இன்று அவற்றிடம் எதையும் கேட்க முடியாது.  புது அலகு மாட்டினாள், நல்ல கையைக் கழுவினாள், புதிதாக நுரை அடித்துப் பூசினாள். கத்தியை எடுத்துக்கொண்டு அப்படியே நின்றாள். கை இறங்கவில்லை.

மித்சுகு போகவில்லை. ஸ்டூலை இழுத்து அவள் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தான். இரண்டு உள்ளங்கையையும் முட்டியில் அழுத்திக்கொண்டான்.

"ஏ ஹிசாயே" என்றான். "இப்ப ஆடுதா?"

இருபத்தெட்டு வருஷக் குடித்தனத்தில் அவன் அவளை இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. அவள் கொஞ்ச நேரம் தன் காலுக்குக் கீழே கவனித்தாள்.

"எனக்கு ஆடல" என்றாள். "உங்களுக்கு?"

அவனும் கவனித்தான். அவசரப்படவில்லை.

"எனக்கும் ஆடல."

"எனக்குந்தான் ஆடல, நுரை காயுது அத்தை" என்று சொல்லிவிட்டுச் சிகுசா கண்ணை மூடிக்கொண்டாள்.